கம்பம் பள்ளத்தாக்கின் கனியும் பூஞ்சணக் காப்பும்

வெள்ளம் வருமுன் அணை கோலுதல் வேண்டுமென்பது நம் முன்னோர் வாய்மொழி. அதன் பயனைக் கம்பம் பள்ளத்தாக்கினர் மற்றெவரினும் நன்குணர்வர். மேற்குமலைக்கு அப்பால் வீணே ஓடிக் கடல் புகுந்த பெரியாற்று நீரை, 1895-ஆம் ஆண்டில் முடிவுற்ற அணை தடுத்து, மலையைக் குடைந்த வழியே இப்பக்கம் திருப்பிற்று. அன்றுமுதல் கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் ஆகிய ஊர்களின் வயல்களும் தோட்டங்களும் செழித்தன. இன்று இப்பள்ளத்தாக்கு நெல்லுக்கு மட்டுமன்றி வாழைக்கும் திராட்சைக்கும் பெயர் பெற்றிருக்கிறது. 1996-ஆம் ஆண்டில் மதுரையினின்று பிரிந்து தனி மாவட்டமான தேனி, தமிழ்நாட்டில் வாழை மிகுந்து விளையும் மாவட்டங்களுள் ஒன்றாகும். கம்பத்துப் பன்னீர் திராட்சை 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் பெற்றது.

விளைவிக்கும் கலையில் இவ்வளவு தேர்ந்த நாம், விளைந்ததைக் காக்கும் கலையில் எவ்வளவு தேர்ந்துள்ளோம் என்பதே யான் ஈண்டு எழுப்ப விரும்பும் கேள்வி. பயிர் வயலிலே கெடுமாயின் அது விதைத்தவனுக்கு ஒரு நட்டம். அறுத்து, சுமந்து, கழுவி, பெட்டியிலிட்டு, வண்டிக்கூலியும் கொடுத்தபின் கெடுமாயின், அந்நட்டம் இரட்டிப்பாகும். ஏனெனில் உழைப்பும் நீரும் உரமும் கூலியும் அனைத்தும் அதனுள் அடங்கிவிட்டன. பழத்தை இங்ஙனம் கெடுக்கும் பகைகளுள் முதன்மையானது பூஞ்சணம்.

வாழைக்காயை எடுத்துக்கொள்வோம். கொலெட்டோடிரைக்கம் மியூசே என்னும் பூஞ்சணத்தின் நுண்வித்து, காய் மரத்திலிருக்கும்போதே அதன் தோலிற் படிகின்றது. மழைத்துளியோ பனியோ கிடைத்தவுடன் முளைத்து, தோலை இறுகப் பற்றி, அங்கேயே அடங்கிக் கிடக்கின்றது. பச்சைக்காயிற் கண்ணுக்கு யாதொரு குற்றமும் தோன்றாது. வணிகர் நல்ல காயென்றே வாங்குவர். காய் பழுத்து இனிப்பேறத் தொடங்கியதும், உறங்கிய பகைவன் விழித்தெழுகின்றான்; கரும்புள்ளிகள் தோன்றிப் பரந்து குழிகின்றன. இஃதன்றிச் சீப்பைத் தாரினின்று வெட்டியெடுத்த இடத்திலுள்ள பசும்புண் வழியாக வேறு சில பூஞ்சணங்களும் நுழைந்து, சீப்பின் அடியை அழுகச் செய்து, பழங்கள் தாமே உதிரும்படி செய்கின்றன. தூத்துக்குடியிலேனும் கொச்சியிலேனும் கப்பலேறி அரபு நாடுகளுக்குச் செல்லும் காய் 13 அல்லது 14 பாகைக் குளிரில் வைக்கப்படுகின்றது. அதனினும் குளிர்வித்தால் பூஞ்சணம் அடங்குமெனினும், வாழைத்தோல் கருகிவிடும். ஆதலின் குளிரை மட்டும் நம்பியிருத்தல் இயலாது.

இதற்கு மருந்தில்லையோவெனின், உண்டு. கார்பெண்டசிம், தயாபெண்டசோல் என்னும் ஓரினத்து மருந்துகள் நெடுங்காலமாக உலகெங்கும் வழங்கி வந்தன. இவை பூஞ்சணத்தின் உயிரணு பிளவுறுவதற்கு வேண்டிய ஒரே புரதத்தைப் பற்றி நிறுத்துவன. ஒரு பூட்டுக்கு ஒரு திறவுகோல் என்பது போன்றதே இம்முறை. பூஞ்சணமோ ஆயிரமாயிரம் வித்துக்களைச் சில நாட்களில் ஈனுவது. அவற்றுள் பூட்டின் வடிவம் சிறிதே மாறிய ஒன்று பிழைத்துவிடுமாயின், அடுத்த தலைமுறை முழுவதும் அம்மருந்துக்கு அஞ்சாது. ஒன்றுக்கு அஞ்சாதது அவ்வினத்து மற்றொன்றுக்கும் அஞ்சாது. மருந்தின் அளவை மேன்மேலும் கூட்டுவதே பின்னர் எஞ்சும் வழி. அவ்வழியின் முடிவில் உண்பவர் வயிறும், வாங்கும் நாட்டினர் விதிக்கும் எச்ச அளவும் நிற்கின்றன. கப்பலேறிய பெட்டி திரும்பி வருமாயின் அக்கேட்டைத் தாங்குபவர் வேதியியலார் அல்லர், தோட்டக்காரரே.

நிற்க. நம்மவர் பூஞ்சணத்தையும் பூச்சியையும் விலக்கப் பயிர்ச்சாற்றைக் கையாண்டது இன்று நேற்றன்று. ஏட்டுச்சுவடிகளுக்கு எலுமிச்சைப்புல் எண்ணெய் பூசிக் காத்த வழக்கம் யாவரும் அறிந்ததே. கிராம்பிலுள்ள யூஜினால், இலவங்கப்பட்டையிலுள்ள சின்னமால்டிஹைடு, ஓமத்திலுள்ள தைமால் ஆகியவை பூஞ்சணத்தின் உயிரணுச் சவ்வைக் குலைக்கவல்லன என்பது இன்றைய அறிவியலும் உடன்பட்ட உண்மை. ஆயின் இவற்றுக்கு ஒரு பெருங்குறை உண்டு. மணமே இவற்றின் வலிமை. அம்மணம் காற்றிற் கலந்து போவதே இவற்றின் மெலிவு. சுவடி காத்தவர் எண்ணெயை மீண்டும் மீண்டும் பூச நேர்ந்ததும் இதனாலேயே.

இக்குறையை யான் உணர்ந்த வரலாற்றைச் சொல்லுதல் தகும். அஃது எனக்குப் பெருமை தருவதன்றாயினும் பிறர்க்குப் பயன்படலாம். மாணவனாயிருந்தபோது யானும் தோழர் இருவரும், அழுகிய வாழைப்பழத்தினின்று எடுத்த பூஞ்சணத்தைக் கண்ணாடித் தட்டில் வளர்த்து, கிராம்பெண்ணெய் தோய்ந்த தாள்வட்டை அதன் நடுவில் வைத்தோம். வட்டைச் சுற்றி இரண்டு விரற்கடை அகலத்திற்குப் பூஞ்சணம் அணுகவேயில்லை. படமெடுத்தோம், கட்டுரை எழுதினோம், பரிசும் பெற்றோம். விடுமுறையில் ஊர் சென்றபோது, சின்னமனூருக்கருகே வாழைக்காய்ச் சிப்பம் கட்டும் கொட்டகையொன்றில், முதிய தோட்டக்காரர் ஒருவரிடம் அப்படத்தைக் காட்டினேன். அவர் படிகார நீர்த்தொட்டியில் மிதந்த சீப்புகளைத் திருப்பிக்கொண்டே, “நல்லது தம்பி, பெட்டிக்குள்ளே இந்த எண்ணெய் எத்தனை நாள் நிற்கும்?” என்று கேட்டார். “தெரியாது ஐயா” என்பதைத் தவிர எனக்கு விடையில்லை. “காயின் தோல் கருகாதா? மணம் பழத்திலே ஏறாதா?” என்று மேலும் கேட்டார். அவற்றுக்கும் அதே விடைதான். மூன்று கேள்விகளும் எங்கள் ஆய்வேட்டில் இடம்பெறாதவை. அவர்க்கோ அம்மூன்றுமே இன்றியமையாதவை.

பின்னர் எண்ணிப் பார்க்கையில் எங்கள் பரிசோதனையின் பிழையும் விளங்கிற்று. தட்டை மூடி வைத்திருந்தோம். எண்ணெயின் ஆவி வெளியேற வழியின்றி உள்ளேயே சூழ்ந்து நின்று பூஞ்சணத்தைத் தடுத்தது. காற்றோட்டத்திற்காகத் துளையிட்ட அட்டைப்பெட்டியில் அவ்வாவி எவ்வளவு நேரம் தங்கும்? மேலும் தட்டிலிருந்த பூஞ்சணம் வெளியே திறந்து கிடந்தது. காயிலுள்ளதோ தோலுக்குள் மறைந்து கிடப்பது. தட்டில் வென்றவன் தோட்டத்திலும் வெல்வான் என்பது நிச்சயமன்று.

எண்ணெயை ஓடாமற் பிடித்துவைத்துச் சிறிது சிறிதாக விடுவிக்கும் ஒரு பொருள் வேண்டும். அத்தகைய பொருளை இயற்கையே அளித்துள்ளது. 1811-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டினரான பிராக்கொன்னோ என்பார் காளானினின்று ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார். பின்னர்க் கைட்டின் எனப் பெயர் பெற்ற அப்பொருளே இறால், நண்டு, வண்டு ஆகியவற்றின் ஓட்டிலும் உள்ளது. 1859-ஆம் ஆண்டில் ரூஜே என்பார் கைட்டினைக் கடுங்காரத்தில் வேகவைத்து, புளித்த நீரிற் கரையும் வேறொரு பொருளாக மாற்றினார். அதுவே கைட்டோசான். சர்க்கரைத் துணுக்குகள் சங்கிலிபோற் கோத்த நெடுமூலக்கூறு அது. நூற்றுக்கு ஒரு பங்கு காடிநீரில் கரைத்துப் பழத்தின்மேற் பூசி உலர்த்தினால், கண்ணுக்குத் தெரியாத மெல்லிய தோலாகப் படிகின்றது.

இத்தோல் மூன்று தொழில்களைச் செய்கின்றது. முதலாவது, பழத்தின் மூச்சைச் சிறிதே மட்டுப்படுத்தி, நீர் வற்றாமலும் விரைந்து பழுக்காமலும் காக்கின்றது. இரண்டாவது, புளிப்புநீரில் நேர்மின்னேற்றம் பெறும் கைட்டோசான், எதிர்மின்னேற்றமுடைய பூஞ்சணச் சவ்வைப் பற்றி அதன் உட்பொருள் கசியும்படி செய்கின்றது. மூன்றாவது வியப்புக்குரியது. பூஞ்சணத்தின் சுவரிலும் கைட்டின் உண்டு. ஆதலின் அவ்வினப் பொருள் தன்மேற் பட்டதும் பயிர், பகைவன் வந்துவிட்டானென்றெண்ணித் தன் காவற்பொருள்களை முன்கூட்டியே ஆயத்தம் செய்கின்றது. பகைவனின் கவசத்துண்டைக் காட்டிக் காவலரை எழுப்புவது போன்றது இது.

இத்தோலின் இழைகளுக்கிடையே கிராம்பெண்ணெயையோ பட்டை எண்ணெயையோ நுண்துளிகளாகப் பொதிந்து வைத்தால், எண்ணெய் ஒருங்கே ஓடிவிடாது. நாட்கணக்கில் மெல்லக் கசியும். எண்ணெயின் அளவையும் பெரிதும் குறைக்கலாம். இரண்டும் வெவ்வேறு வழிகளில் பல இடங்களைத் தாக்குவனவாதலின், ஒரு பூட்டை மாற்றிப் பூஞ்சணம் தப்புதல் எளிதன்று. கைட்டோசான் தனித்து நின்றால் காவலன். எண்ணெய் தனித்து நின்றால் வழிப்போக்கன். இரண்டும் சேர்ந்தால் நிலைப்படை என்று சொல்லலாம்.

இது வெறுங் கற்பனையன்று. மலேசியாவிலுள்ள நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகக் கிளையினர் 2010-ஆம் ஆண்டில், நூற்றுக்குப் பத்துப் பங்கு அரபுக் கோந்தும் ஒரு பங்கு கைட்டோசானும் சேர்ந்த பூச்சினால் வாழையின் கரும்புள்ளி நோயை அடக்கிக் காட்டினர். மறு ஆண்டிலேயே, அக்கோந்துடன் நூற்றுக்கு 0.4 பங்கு இலவங்கப்பட்டை எண்ணெய் சேர்த்த பூச்சினை வாழையிலும் பப்பாளியிலும் சோதித்து எழுதினர். காசி இந்து பல்கலைக்கழகத்துத் தாவரவியலார், பயிரெண்ணெய்களைக் கைட்டோசானின் மிக நுண்ணிய துகள்களுக்குள் அடைத்து, தானியங்களில் நஞ்சுண்டாக்கும் ஆஸ்பெர்ஜில்லஸ் பிளேவஸ் என்னும் பூஞ்சணத்தை எதிர்க்கும் ஆராய்ச்சிகள் பலவற்றை வெளியிட்டுள்ளனர். ஐரோப்பிய ஒன்றியம் 2014-ஆம் ஆண்டில் கைட்டோசான் ஹைட்ரோகுளோரைடைப் பயிர்ப்பாதுகாப்புக்குரிய அடிப்படைப் பொருளாக ஏற்றுக்கொண்டது.

இனி எதிர்வாதங்களையும் நேர்மையாக நோக்குதல் வேண்டும். அவற்றை மறைப்பது கட்டுரையாளனுக்கு எளிது. நட்டம் அடைபவன் உழவன்.

முதலாவது, கைட்டோசான் பெரும்பாலும் இறாலோட்டினின்று எடுக்கப்படுவது. வாழைப்பழமோ நம் நாட்டில் கோயில் படையலுக்கும் மரக்கறி உண்போர் இலைக்கும் செல்வது. உண்பவர் அறியாமல் அதன்மேல் இறாலோட்டுப் பொருளைப் பூசுதல் முறையாகாது. இறால் ஒவ்வாத உடம்பினரையும் கருதுதல் வேண்டும். இதற்குத் தீர்வு இரண்டு. ஒன்று, பூஞ்சணங்களினின்றே கைட்டோசான் எடுத்தல். இவ்வாறு எடுத்தது சந்தையில் உண்டு. மற்றொன்று, பயிரினத்துப் பொருள்களையே நாடுதல். நம் காடுகளிற் கருவேலம் பிசினும் வேப்பம் பிசினும் கிடைக்கின்றன. புளியங்கொட்டை மாவு நெசவுப் பாவுக்குப் பசையாக நெடுநாள் பயன்பட்டது. மரவள்ளி மாவுக்கும் குறைவில்லை. இவற்றுக்குக் கைட்டோசானைப் போலத் தாமே பூஞ்சணத்தைத் தாக்கும் ஆற்றல் இல்லையெனினும், எண்ணெயைத் தாங்கி நிற்கும் ஆற்றல் உண்டா என்பது நம் கையாலேயே சோதித்தறியத்தக்கது. எதைப் பூசினாலும் பெட்டியின் சீட்டில் அறிவித்தல் வேண்டும். தேன்மெழுகு, கார்னோபா மெழுகு போன்றவற்றைப் பழத்திற் பூசுவதற்கே நம் நாட்டு உணவு விதிகள் இந்நிபந்தனையை விதித்திருக்கின்றன. புதுப்பூச்சு எதுவும் சட்டத்தின் ஒப்புதல் பெற்ற பின்னரே சந்தைக்குச் செல்லத் தக்கது.

இரண்டாவது, அளவு. பூச்சு தடித்தால் பழம் மூச்சுத் திணறி உள்ளே புளித்து நாறும். எண்ணெய் மிகுந்தால் தோல் கருகும். பழத்தில் மருந்துக்கடை மணம் வீசும். எண்ணெயும் நீரும் தாமே கலவா. கலப்பதற்கு வேறு துணைப்பொருள் வேண்டும். ஜி-9 வாழைக்கு ஏற்ற அளவு செவ்வாழைக்கு ஏலாமற் போகலாம்.

மூன்றாவது, எல்லாப் பழத்துக்கும் ஒரே முறை பொருந்தாது. பன்னீர் திராட்சையின் தோல் மெல்லியது. அதன்மேற் படிந்துள்ள வெண்பொடியே அதன் அழகும் இயற்கைக் காப்பும் ஆகும். அதனை நீரில் முக்கினால் பொடி கழுவுண்டு போகும்; குலைக்குள் ஈரம் தங்கி அழுகலுக்கும் இடமாகும். ஆதலின் திராட்சைக்குப் பூச்சினும், எண்ணெய் பொதிந்த தாளைப் பெட்டிக்குள் இட்டு ஆவியாற் காத்தலே ஏற்றதாகத் தோன்றுகிறது. வெளிநாடு செல்லும் திராட்சைப் பெட்டிகளில் கந்தக ஆவி விடும் தாள் இடப்படுவதை நோக்குக. மேலும் கொடியில் வரும் அடிச்சாம்பல் நோய்க்குக் காரணமான உயிர், பூஞ்சணம்போலத் தோன்றினும் உண்மையில் அவ்வினத்ததன்று. அதன் சுவர் பெரும்பாலும் கைட்டினால் ஆயதுமன்று. நோயின் பெயரொப்புமையைக் கண்டு மருந்தையும் ஒன்றென எண்ணுதல் கூடாது.

நான்காவது, கைட்டோசான் செய்யக் கடுங்காரமும் அமிலமும் வேண்டும். அக்கழிவுநீரைச் செவ்வனே அடக்காமல் ஆற்றில் விடுவோமாயின், பழத்தைக் காத்து முல்லையாற்றைக் கெடுத்தவராவோம்.

இவ்வளவு இடர்கள் உளவாயின் இம்முயற்சி எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். அவர்க்குப் பழைய வரலாறொன்றைச் சொல்லுவேன். இன்றும் நம் திராட்சைத் தோட்டக்காரர் கையாளும் போர்டோக் கலவை பிறந்த வகை அது. பிரான்சு நாட்டுப் போர்டோ நகரையடுத்த தோட்டங்களில், வழிப்போக்கர் பழம் பறிக்காதிருக்கும்பொருட்டுத் துத்தமும் சுண்ணாம்பும் கலந்த நீரைச் சாலையோரக் கொடிகளில் தெளிப்பது வழக்கம். 1882-ஆம் ஆண்டில் அவ்வழியே சென்ற மிலார்டே என்னும் தாவரவியற் பேராசிரியர், பிற கொடிகள் நோயால் இலையுதிர்ந்து நிற்க, தெளிக்கப்பட்டவை மட்டும் பசுமையாய் நிற்பதைக் கண்டார். கண்டதோடு நில்லாமல், அந்நகரத்து வேதியியற் பேராசிரியராகிய கேயோனைத் துணைக்கொண்டு தோட்டங்களிலேயே சோதித்து, 1885-ஆம் ஆண்டில் முறையை வெளியிட்டார். கவனிக்க: கண்டுபிடித்த இடம் தோட்டம்; சோதித்த இடமும் தோட்டம்; சோதித்தவர் ஒருவர் தாவரவியலார், மற்றவர் வேதியியலார்.

நம் கல்லூரியிலோ, பிற கல்லூரிகளிலோ நடப்பது யாது? தாவரவியல் மாணவர் ஒரு கூடத்தில் பூஞ்சணம் வளர்க்கின்றனர்; வேதியியல் மாணவர் அடுத்த கூடத்தில் எண்ணெய் வடிக்கின்றனர்; இருவரும் ஒருவரையொருவர் உணவறையில் மட்டுமே சந்திக்கின்றனர். ஆண்டுதோறும் கண்ணாடித் தட்டில் வட்டங்களை அளந்து ஏடுகள் எழுதப்படுகின்றன. அவ்வேடுகள் அலமாரியிலேயே உறங்கி, ஈற்றில் அவற்றையே பூஞ்சணம் தின்னுகின்றது. உழைப்பு வீணென்று யான் சொல்லவில்லை. வழி பாதியில் நிற்கின்றதென்றே சொல்லுகிறேன்.

ஆதலின் என் வேண்டுகோள் இது. இனிமேல் இப்பொருள் குறித்து ஆய்வு மேற்கொள்ளும் மாணவர் மூன்றனை நியமமாகக் கொள்ளுதல் வேண்டும். முதலாவது, தட்டில் முடிந்த சோதனையை மெய்யான காயில், மெய்யான அட்டைப்பெட்டியில், பழுக்கும் நாள்வரை நடத்துதல். பூச்சுப் பூசாத பெட்டியொன்றையும் அருகே வைத்தல். முடிவில் பழத்தை உண்டு பார்த்து மணமும் சுவையும் எழுதுதல். இரண்டாவது, இரு துறை மாணவரும் சேர்ந்தே ஒரு குழுவாதல். மூன்றாவது, தோற்றதையும் வெளியிடுதல். எந்த அளவில் தோல் கருகிற்று என்னும் செய்தி, எந்த அளவில் வட்டம் தோன்றிற்று என்பதினும் உழவனுக்கு மிகப் பயன்படும். வழிகாட்டத்தக்க நிலையங்களும் தொலைவில் இல்லை. பெரியகுளத்தில் தோட்டக்கலைக் கல்லூரியும், ஆனைமலையன்பட்டியில் திராட்சை ஆராய்ச்சி நிலையமும், திருச்சிராப்பள்ளியில் 1993-ஆம் ஆண்டுமுதல் வாழைக்கெனத் தனி ஆராய்ச்சி மையமும் இருக்கின்றன. பழைய மாணவராகிய அன்பர்களுள் தோட்டமுடையார் பலர் உளர். அவர்கள் ஆண்டுக்குப் பத்துப் பெட்டி காயை இப்பணிக்கு ஈவரேல் அது கல்லூரிக்குச் செய்யும் பேருதவியாகும்.

பெரியாற்று அணை ஒரே நாளில் எழுந்ததன்று. கட்டியதை வெள்ளம் அடித்துச் சென்றபோதும் மீண்டும் கட்டினர். பழத்தின்மேற் பூசும் இம்மெல்லிய தோலும் ஒருவகை அணையே. அது நிற்குமா, நில்லாதா என்பதை நாமே சோதித்து உழவர்க்கு உண்மை கூறுவோமாக. அம்முதியவரின் மூன்று கேள்விகளுக்கும் விடையெழுதிய ஏடொன்றை இக்கல்லூரி மாணவர் ஒருவர் கொண்டு சென்று அக்கொட்டகையிற் படித்துக் காட்டும் நாள் வருமாயின், யான் பெற்ற பரிசை அவர்க்கே தந்து மகிழ்வேன்.